குடியிலிருந்து மீண்ட பில் வில்சன்

ஜூபிலி மலர் என்றால் அதில் புனிதர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது மரபு. நம் பங்கின் மலருக்கு நாம் தேர்ந்துகொண்டவரோ பீடத்தில் வைத்து வணங்கப்படுபவர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். 17 ஆண்டுகள் குடித்துச் சீரழிந்து, பின் 36 ஆண்டுகள் ஒரு சொட்டும் தொடாமல் வாழ்ந்து மறைந்த ஓர் அமெரிக்கர். வில்லியம் கிரிபித் வில்சன் என்பது முழுப்பெயர். பில் என்றே உலகம் அவரை அறியும்.

இவரை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். நாம் குருமடத்தில் படித்த காலத்தில் குடிவெறி என்பது தலையான பாவங்களில் போசனப்பிரியத்தின் கீழ் வரும் ஒரு பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். பங்குப் பணிக்கு வந்தபின், குடிக்கிற கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். அவர் கையில் பாடுபட்ட சுரூபத்தைக் கொடுத்து, இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, மந்திரித்து அனுப்புவோம். தவக்காலம் நாற்பது நாளும் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, பாஸ்கா திருவிழிப்பு முடிந்து பொழுது விடிவதற்குள் பழைய நிலைக்குத் திரும்பியவர்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். மூன்றாம் முறை சத்தியத்தை மீறியபின் அவர் கோவிலுக்கே வருவதில்லை. பூசைக்கு வந்தால் சாமியார் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற வெட்கம். குடியை விட வைக்கப் போய், அவரை நற்கருணையை விட வைத்துவிட்டோம். அந்த உறுத்தலோடு படிக்கத் தொடங்கியபோதுதான் பில் வில்சன் நமக்கு அறிமுகமானார்.

1895-ம் ஆண்டு நவம்பர் 26-ம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவருடைய பாட்டி நடத்திய விடுதியில், மதுக்கூடத்திற்குப் பின்னால் இருந்த அறையில் பிறந்தார் என்பார்கள். பத்து வயதளவில் பெற்றோர் பிரிந்தனர். தந்தை ஒரு திசையும் தாய் ஒரு திசையும் போய்விட, தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரைத் தவிர வேறு யாராலும் பூமராங் செய்ய முடியாது என்று தாத்தா ஒருநாள் சொல்லிவிட்டார். சிறுவன் அதைச் செய்துகாட்டியே தீருவது என்று மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கினான். கட்டில் பலகையைக்கூட விட்டுவைக்கவில்லை. முடிவில் எறிந்தால் திரும்பி வரும் பூமராங் ஒன்றைச் செய்தும் விட்டான். மனவுறுதி இல்லாதவர்கள்தாம் குடிக்கு அடிமையாகிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மனவுறுதியில் இவருக்குக் குறைவே இல்லை.

முதல் உலகப் போரின்போது இளம் இராணுவ அதிகாரியாக ஒரு விருந்துக்குப் போனார். ஆண்டு 1917. பெரிய மனிதர்கள் கூடியிருந்த அந்த வீட்டில், கூச்சம் மிகுந்த அந்த நாட்டுப்புற இளைஞர் முதல் கோப்பையை எடுத்தார். கூச்சம் பறந்தது. அன்று கிடைத்த விடுதலையைத் தேடியே அடுத்த 17 ஆண்டுகளும் ஓடின.

போர் முடிந்து திரும்பியவர் சட்டம் படித்தார், பட்டத்தை வாங்கவில்லை. பங்குச் சந்தையில் இறங்கி ஓரளவு பணமும் சம்பாதித்தார். (நம் பங்கு வேறு, அந்தப் பங்கு வேறு.) 1929-ம் ஆண்டுச் சரிவில் பணம் போயிற்று, குடி மட்டும் வளர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது. பில் குடிநோயாளியானது அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான். சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நோய் முற்றியவனுக்குச் சட்டம் மட்டும் மருந்தாகாது.

மனைவி லூயி. 1918 ஜனவரி 24-ல் திருமணம். பிள்ளைகள் இல்லை. வேலையில்லாத கணவரோடு தன் பெற்றோர் வீட்டில், நியூயார்க் புரூக்ளினில் குடியிருந்துகொண்டு, பெரிய கடையொன்றில் வேலை பார்த்து அவருக்கும் சோறு போட்டார். விடிந்தால் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடி, சனிக்கிழமைச் சம்பளத்தைக் கணவர் கையில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற நம் தாய்மார்களுக்கு லூயியின் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

1933-லும் 1934-லும் நியூயார்க்கில் டவுன்ஸ் மருத்துவமனையில் பில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அங்கே சில்க்வொர்த் என்னும் மருத்துவர் அவரிடம் புதியதொன்றைச் சொன்னார். இது வெறும் ஒழுக்கக்கேடு அன்று; நோய். சிலருடைய உடல், ஒவ்வாமை போல, முதல் கோப்பை உள்ளே போனதும் அடுத்ததைக் கேட்டுத் துடிக்கிறது; அவர்களுடைய மனமோ அந்த முதல் கோப்பையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வருகிறது. இதுவே அவர் விளக்கம். ஒவ்வாமைக் கருத்தை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை என்றாலும், குடிநோய் நோயே என்பதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ல் ஒப்புக்கொண்டது.

1934 நவம்பர் இறுதியில் பழைய குடித்தோழர் எபி தாட்சர் வீட்டிற்கு வந்தார். பில் கோப்பையை நீட்ட, எபி வேண்டாம் என்றார். ஒரு சமயக் குழுவில் சேர்ந்து குடியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். எத்தனையோ பேர் புத்தி சொல்லியும் அசையாத பில்லை, தன்னைப் போலவே விழுந்து கிடந்த ஒருவன் எழுந்து நிற்பது அசைத்தது. டிசம்பர் 11-ல் கடைசி முறையாக மருத்துவமனைக்குப் போனார். சில நாளில், நம்பிக்கையே அற்றுப்போன நிலையில், கடவுள் இருந்தால் தம்மைக் காட்டட்டும் என்று கதறியபோது, அறை முழுவதும் ஒளி நிறைந்ததாக உணர்ந்தார். நமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து மருத்துவரிடமே கேட்டார். கிடைத்தது எதுவாயினும் விடாமல் பிடித்துக்கொள்ளும்படி மருத்துவர் சொன்னார். அதன்பின் பில் குடிக்கவே இல்லை.

புனிதர் வரலாறாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம். உண்மையான வரலாறு இதன் பிறகுதான் தொடங்குகிறது. ஐந்து மாத காலம் பில் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய்ப் பிரசங்கம் செய்தார். தாம் கண்ட ஒளியை விவரித்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சோர்ந்துபோனவரிடம், அவர்கள் திருந்தாவிட்டாலும் நீங்கள் குடிக்காமல் இருந்தீர்களே என்று லூயி நினைவூட்டினார். சில்க்வொர்த் மருத்துவரும், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நோயைப் பற்றி மட்டும் பேசும்படி அறிவுறுத்தினார். நம்மைப் போன்ற பிரசங்கிகளுக்கு இது கசப்பான மருந்துதான்.

1935 மே மாதம் ஒரு வியாபார விவகாரமாக ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போனார். நம் ஊர் தீப்பெட்டிக்குப் பெயர் பெற்றதுபோல் அந்த ஊர் டயருக்குப் பெயர் பெற்றது. விவகாரம் தோற்றது. கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை. மேபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம். சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. மறுபக்கம் தொலைபேசி, அருகில் அவ்வூர்க் கோவில்களின் பட்டியல். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இன்று தாம் தப்ப வேண்டுமானால் இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும். அவரைத் திருத்துவதற்காக அன்று, தம்மைக் காத்துக்கொள்வதற்காக. பட்டியலில் இருந்த ஒரு குருவானவரை அழைத்தார். அவர் பல பெயர்களைக் கொடுத்தார். வரிசையாக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு ஒரு மருத்துவரைத் தெரிந்திருந்தது. அவர் குடியால் அழிந்துகொண்டிருந்தவர். பெயர் இராபர்ட் சிமித்.

மறுநாள் ஞாயிறு, அங்கே அன்னையர் தினம். மாலை ஐந்து மணிக்கு மனைவியோடு வந்த டாக்டர் சிமித், கால் மணி நேரத்திற்கு மேல் தங்குவதில்லை என்ற உறுதியோடுதான் வந்தார். புத்தி சொல்லிச் சலித்துப்போன பலரைப் பார்த்தவர் அவர். ஆனால் வந்திருந்தவர் புத்தி சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னார். பாட்டிலை எங்கெங்கே ஒளித்தார், எத்தனை சத்தியம் செய்தார், எப்படி மீறினார். தம் நோயை அனுபவத்தால் அறிந்த ஒருவரை டாக்டர் அன்றுதான் சந்தித்தார். இருவரும் பிரிந்தபோது இரவு பதினொரு மணி கடந்திருந்தது.

டாக்டர் ஒரே நாளில் திருந்திவிடவும் இல்லை. மருத்துவர் மாநாடு ஒன்றிற்குப் போனவர் மீண்டும் குடித்து விழுந்தார். பில் அவரை விலக்கவில்லை. கூடவே இருந்து தேற்றினார். ஜூன் 10 அன்று டாக்டருக்கு ஓர் அறுவை சிகிச்சை இருந்தது. கை நடுங்காதிருக்க பில்லே அவருக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். சிகிச்சை முடிந்தும் டாக்டர் மணிக்கணக்கில் வீடு திரும்பவில்லை. வீட்டில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். அவரோ, தாம் தீங்கிழைத்தவர்களையும் கடன்பட்டவர்களையும் தேடி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் பரிகாரம் என்று நாம் சொல்வது இதைத்தானே. அந்த பீர்தான் டாக்டர் கடைசியாகக் குடித்தது. 1950 நவம்பரில் இறக்கும்வரை அவர் மீண்டும் தொடவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் தோழமை இயக்கம் தன் பிறந்த நாளாக 1935 ஜூன் 10-ஐத்தான் கொண்டாடுகிறது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இருவரும் மருத்துவமனையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனார்கள். அவர் மூன்றாமவர் ஆனார். 1939 ஏப்ரலில் பில் பெரும்பகுதி எழுதிய நூல் வெளிவந்தது. பன்னிரு படிகள் அதில்தான் உள்ளன. 1941 மார்ச்சில் ஒரு பெரிய வார இதழில் வந்த கட்டுரையால், சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆயிற்று. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று லூயி 1951-ல் தனித் தோழமை ஒன்றைத் தொடங்கினார். இன்று சுமார் 180 நாடுகளில் இயக்கம் பரவியுள்ளது. இந்தியாவுக்கு 1957-ல் பம்பாய் வழியாக வந்தது.

நம் திருச்சபையின் கைகளும் இதில் உண்டு. ஆக்ரனில் புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பணியில் இருந்த கன்னியர் இஞ்ஞாசியா, குடிகாரர்களுக்குக் கட்டில் இல்லை என்று எல்லாரும் கைவிரித்த 1939-ம் ஆண்டில், டாக்டர் சிமித் அனுப்பிய ஒருவரை வயிற்று அழற்சி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பொய்க்கு அவர் எத்தனை நாள் உத்தரிக்கிறத் தலத்தில் இருந்திருப்பார் என்பதை ஆண்டவர் கணக்கில் விடுவோம். 1940-ன் இறுதியில், பில் மிகவும் மனம் தளர்ந்திருந்த ஓர் இரவில், சேசு சபைக் குரு எட்வர்ட் டௌலிங் கால் ஊனத்தோடு தடி ஊன்றி அவரைத் தேடி வந்தார். பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தே வந்திருந்தார். பில்லோ அந்தப் பயிற்சிகளைப் படித்ததே இல்லை. இருவரும் ஆயுள்வரை நண்பர்களாயிருந்தனர். பில் 1947-ல் ஆயர் ஆகுமுன்னிருந்த புல்டன் ஷீனிடம் மறைக்கல்வியும் கேட்டார். ஆனால் திருமுழுக்குப் பெற்று நம்மோடு சேரவில்லை.

இவர்கள் யாரிடமும் ஆயுள் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இருப்பது என்பதுதான் கணக்கு. பரலோக மந்திரத்தில் நாமும் இன்றைய உணவைத்தானே கேட்கிறோம். கட்டணம் இல்லை. ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் கேட்பதில்லை. குறையில்லாத மனிதர் யாரும் மேலே அமர்ந்து பேசுவதில்லை. ஒன்றைமட்டும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பில்லும் மருத்துவமனையில் படுத்துத்தான் நிறுத்தினார். ஆகவே முதலில் அரசு மருத்துவமனை, பிறகு கோவில். இதைத் தவக்காலத்திற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்.

பில்லைப் புனிதராக்க நமக்கு விருப்பமில்லை. குடியை விட்டபின்னும் பல ஆண்டு கடுமையான மனச்சோர்வில் உழன்றார். மனைவிக்கு எப்போதும் உண்மையாய் இருந்தார் என்றும் சொல்ல இயலாது. புகையை விட அவரால் முடியவில்லை. நுரையீரல் நோய்க்கு அதுவே காரணம். கடைசி நாட்களில், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, விஸ்கி வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் கொடுக்கவில்லை. 1971 ஜனவரி 24-ம் நாள், தம் 53-வது திருமண நாளில், இறந்தார். பிறந்த ஊரிலேயே கல்லறை. அதன் கல்லில் பெயரும் தேதிகளும் இராணுவப் பதவியும்தான் இருக்கின்றன. குடியை விட்டவர்கள் வந்து தங்கள் நினைவு நாணயங்களை அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் இறந்த அதே 1971-ல்தான் நம் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு, கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன.

இதையெல்லாம் படித்தபின் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் நண்பரின் வீட்டுக்குப் போனோம். சுரூபத்தைக் கொண்டுபோகவில்லை. பதினோரு ஆண்டுகளாகக் குடிக்காமலிருக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போனோம். அவர் நம் மறையைச் சேர்ந்தவரும் அல்லர். வேப்பமரத்தடியில் இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நாம் திண்ணையில் அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. இடையில் இருவரும் சிரித்தது கேட்டது. எட்டு மாதம் ஆகிறது. நடுவில் ஒருமுறை தவறினார்; மறுநாள் காலையிலேயே அந்த ஊர்க்காரருக்குப் போன் போட்டுவிட்டார். போன மாதத்திலிருந்து ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வந்து கடைசித் தூணோரமாக நிற்கிறார். நாமும் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.