கூழாங்கல் கரையில் தங்கிச் சென்ற திருத்தூதர்



சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நமக்குக் கடற்கரை என்றால் மணல்தான். திருமழிசையிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பேருந்து ஏறிச் சாந்தோம் பேராலயத்திற்குச் செல்லும் நாம், கல்லறைச் சிற்றாலயத்தில் செபித்துவிட்டு, பேராலயத்திற்குப் பின்னால் உள்ள கடற்கரையில் சற்று நேரம் கால் நனைத்துத் திரும்புகிறோம். எந்தத் திருத்தூதரின் கல்லறையில் நாம் செபித்தோமோ, அவருடைய எலும்புகள் கூழாங்கற்கள் நிறைந்த மலைத் தீவு ஒன்றிலும் தங்கியிருந்தன என்பது திருச்சபையின் பழைய மரபு. அந்தத் தீவின் பெயர் கியோஸ். இன்று நாம் மனத்தளவில் அங்கு ஒரு பயணம் போய் வருவோம்.

மத்தியதரைக் கடலின் ஒரு பகுதியான ஏஜியன் கடலில், துருக்கிக் கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிரேக்கத் தீவு இது. தீவின் வடக்கே உள்ள பெலினேயோ மலை 1,200 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டது. தெற்கே எம்போரியோஸ் என்ற சிற்றூருக்கு அருகில் மாவ்ரா வோலியா என்ற கடற்கரை உள்ளது. கருங்கூழாங்கற்கள் என்பதே அப்பெயரின் பொருள். பழங்காலத்தில் எரிமலை கக்கிய பாறையை அலைகள் உருட்டி உருட்டி வழவழப்பாக்கியதால் உண்டான கற்கள் அவை. வெறுங்காலுடன் நடந்தால் பாதம் வலிக்கும். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் ஓசை கேட்கும். ஒரு கல்லையாவது கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால் அதை வீட்டிற்கு எடுத்துச் செல்லக் கூடாது. தொட்டுப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

தொட்டுப் பார்க்க விரும்பிய மனிதர் என்றுதான் தோமையாரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய வாழ்க்கையை யோவான் நற்செய்தி நமக்குச் சில காட்சிகளில் காட்டுகிறது. இலாசர் இறந்தபோது, ஆபத்து காத்திருந்த யூதேயாவுக்கு இயேசுவோடு போய் அவருடன் இறப்போம் என்று உடன் சீடர்களை அழைத்தவர் தோமையார். இறுதி இராவுணவின்போது, ஆண்டவர் போகும் இடம் தெரியாதபோது வழி மட்டும் எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்டவரும் அவரே. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ள அவருக்கு வராது.

உயிர்த்த ஆண்டவர் முதல்முறை சீடர்களுக்குத் தோன்றியபோது தோமையார் அங்கு இல்லை. மற்றவர்கள் சொன்னதை ஏற்காமல், காயங்களில் தன் விரலையும் கையையும் இட்டால்தான் நம்புவேன் என்றார். ஆயினும் அவர் அந்தக் குழுவை விட்டுப் போய்விடவில்லை. எட்டு நாள் கழித்து அவர்களோடுதான் இருந்தார். சீடர்களும் அவரை ஒதுக்கிவிடவில்லை. ஆண்டவர் மீண்டும் வந்து, தொட்டுப் பார்க்கும்படி அவரை அழைத்தார். தோமையார் தொட்டார் என்று நற்செய்தி எங்கும் கூறவில்லை. தன் ஆண்டவரும் கடவுளும் அவரே என்று அறிக்கையிட்டார் என்று மட்டுமே கூறுகிறது. ஐயமுற்றவரின் வாயிலிருந்தே நற்செய்தியின் மிகத் தெளிவான விசுவாச அறிக்கை பிறந்தது.

பின்பு திபேரியக் கடற்கரையில், கரியடுப்பில் மீனும் அப்பமும் வைத்து ஆண்டவர் காத்திருந்த அந்த விடியற்காலையிலும் தோமையார் இருந்தார். மீன் பிடிக்கச் சென்ற எழுவரில் பேதுருவுக்கு அடுத்ததாக அவர் பெயரே வருகிறது.

அதன் பிறகு நடந்தவற்றை மரபு வழியாகவே அறிகிறோம். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோமாவின் பணிகள் என்ற சிரிய நூல், அவரை அரண்மனை கட்டும் தச்சராக இந்தியாவுக்கு அழைத்து வருகிறது. குந்தபோரஸ் மன்னர் அரண்மனைக்காகக் கொடுத்த பணத்தை அவர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்கிறது அந்நூல். கதை எப்படியாயினும், அப்பெயர் கொண்ட மன்னர் ஒருவர் வடமேற்கு இந்தியாவில் ஆண்டதை அவருடைய நாணயங்கள் காட்டுகின்றன. தென்னக மரபின்படி தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கி, கி.பி. 72-இல் நம் பரங்கிமலையில் மறைசாட்சியாக உயிர் நீத்து, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். தொட்டால்தான் நம்புவேன் என்ற அந்தக் கை, கொடுக்கும் கையாக மாறியது.

மயிலாப்பூரில் அடக்கமான எலும்புகளில் பெரும்பகுதி, இன்று துருக்கியில் உர்ஃபா எனப்படும் எதெசா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கு வாழ்ந்து 373-இல் இறந்த புனித எப்ரேம் இதைப் பாடியிருக்கிறார். நாம் ஜூலை 3 அன்று தோமையார் திருநாளைக் கொண்டாடுவதும் அந்த எதெசா பயணத்தின் நினைவாகவே. 1144-இல் எதெசா நகர் போரில் வீழ்ந்தது. அதன் பின்னர் அவ்வெலும்புகள் கியோஸ் தீவை அடைந்தன என்பது மரபு. 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகரைச் சேர்ந்த லியோனே அச்சாயுவோலி என்ற கப்பல் தலைவர் போருக்காகக் கியோஸ் வந்தபோது, எலும்புகளையும் கல்லறைக் கல்லையும் எடுத்துத் தன் ஊருக்குக் கொண்டு சென்றார். அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று அவை ஓர்த்தோனாவை அடைந்தன.

ஓர்த்தோனாவிலும் அமைதி நீடிக்கவில்லை. 1566-இல் துருக்கியக் கடற்படை ஆலயத்திற்குத் தீ வைத்தது. 1943 டிசம்பரில் இரண்டாம் உலகப் போரின் கடும் சண்டையில் பேராலயம் இடிந்தது. இரண்டு முறையும் எலும்புகள் தப்பின. 1953-இல் வலக்கரத்தின் எலும்பு ஒன்று ஓர்த்தோனாவிலிருந்து கொடுங்கல்லூருக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கரையில் தோமையார் இறங்கினார் என்கிறோமோ, அந்தக் கரைக்கே அவருடைய கை திரும்பி வந்தது.

இந்த நீண்ட பயணத்தை எண்ணும்போது ஒன்று நமக்குப் புரிகிறது. கையில் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று மனித மனம் ஏங்குகிறது. அது தவறன்று. கல்லறையைத் தொட்டு முத்தமிடும் நம் தாய்மாரின் பக்தியை ஆண்டவர் தள்ளிவிட மாட்டார். ஆனால் ஓர் ஊர் பற்றிக்கொண்ட எலும்புகள் மற்றோர் ஊருக்குப் போயின. எதெசாவும் கியோசும் அவற்றை இழந்தன. மயிலாப்பூரிலும் இன்று இருப்பது ஒரு சிறு பகுதியே. ஆனாலும் இங்கு விசுவாசம் குறைந்துவிடவில்லை. அது எலும்புகளோடு கப்பல் ஏறிப் போகவில்லை.

வெளிநாட்டுத் திருப்பயணம் செல்ல நம்மில் பலருக்கு வசதி இருக்காது. அதை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. பூந்தமல்லியிலிருந்து நாம் தினமும் வேலைக்குச் செல்லும் மவுண்ட்–பூந்தமல்லி சாலையே தோமையார் மலையின் பெயரைத்தானே தாங்கியிருக்கிறது! அந்தச் சாலையில் பேருந்து நெரிசலில் நிற்கும்போது மலையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.

நம் பங்கிலும், நம் வீட்டிலும், ஐயத்தோடு ஒதுங்கி நிற்கும் தோமா ஒருவர் இருக்கலாம். பிள்ளையை இழந்த பெற்றோராகவோ, வேலை கிடைக்காத இளைஞராகவோ, கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட அண்ணனாகவோ அவர் இருக்கலாம். அவரிடம் வாதாடி வெல்ல வேண்டாம். எட்டாம் நாள் வரை அவரை நம்மோடு வைத்திருப்போம். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.