அடுப்பில் விழுந்த ரப்பர்

கொதிக்கும் தார்ச்சாலையில் லாரி ஓடுகிறது. டயர் உருகி ஒட்டிக்கொள்வது இல்லை. உறைபனி கொட்டும் ஊரில் கார் ஓடுகிறது. டயர் ஓடு போல உடைந்து நொறுங்குவது இல்லை.

மலிவான டயர் ஈரச் சாலையில் வழுக்கலாம். சீக்கிரம் தேய்ந்தும் போகலாம். ஆனால் வெயிலில் உருகி வழியுமோ என்று எந்த டிரைவரும் பயப்படுவது இல்லை.

அந்தப் பயத்தைப் போக்கியவர் சார்லஸ் குட்இயர். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அவருடைய மனைவி மக்கள் பட்ட பாடு அதைவிட அதிகம்.

கடையில் கேட்ட செய்தி

குட்இயர் 1800-ம் ஆண்டு, டிசம்பர் 29-ந் தேதி, அமெரிக்காவில் நியூஹேவன் நகரில் பிறந்தார். பிலடெல்பியாவில் இரும்புச் சாமான் கடை நடத்தினார். வியாபாரம் நொடித்தது. கடன் தலைக்கு மேல் ஏறியது. கடனைக் கட்டாதவர்களைச் சிறையில் அடைக்கும் காலம் அது. குட்இயரும் சிறைக்குப் போனார். ஒரு முறை அல்ல, பல முறை!

1834-ம் ஆண்டு, நியூயார்க்கில் ஒரு ரப்பர் கடைக்குச் சென்றார். தண்ணீரில் மூழ்காமல் மிதக்க உதவும் ரப்பர் பைக்கு, காற்று அடைக்கும் மூடி ஒன்றைச் செய்திருந்தார். அதை விற்கத்தான் போனார்.

கடைக்காரர் கையை விரித்துவிட்டார். விற்ற சாமான்கள் எல்லாம் கோடையில் உருகி, நாற்றம் எடுத்து, திரும்பி வந்துகொண்டு இருந்தன. மூடியை வாங்கி என்ன செய்வது?

அன்றைய ரப்பர் அப்படித்தான். வெயிலில் பிசின். குளிரில் கட்டை. இதைச் சரி செய்துவிட்டால் குபேரன் ஆகலாம் என்று குட்இயர் நினைத்தார். அவர் ரசாயனம் படித்தவர் அல்ல. கையில் காசும் இல்லை.

சிறையில் சோதனை

அடுத்து சிறைக்குப் போனபோது, ரப்பரும் மாவு உருட்டும் கட்டையும் கொண்டுவரும்படி மனைவி கிளாரிசாவிடம் கேட்டார். சிறை அறையிலேயே ரப்பரைப் பிசைந்து சோதனை செய்தார்.

வெளியே வந்ததும் மக்னீசியாத் தூளைச் சேர்த்துப் பார்த்தார். ரப்பர் வெண்மையாக, பதமாக வந்தது. மனைவியும் பெண் குழந்தைகளும் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான காலணிகள் செய்தார்கள். கோடை வந்தது. அத்தனையும் குழம்பு ஆயிற்று.

பிறகு நைட்ரிக் அமிலத்தால் ரப்பரைப் பதப்படுத்தினார். அரசாங்கம் 150 தபால் பைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பைகளைச் செய்து, சூடான ஓர் அறையில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால், பைகள் பிசுபிசு என்று ஒட்டிக் கிடந்தன.

வீட்டில் அடகு வைக்கப் பொருள் இல்லை. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார். 2 வயது மகன் இறந்தபோது, அடக்கம் செய்யப் பணம் இல்லை. இந்த இடத்தில் குட்இயரைப் பாராட்ட மனம் வருவது இல்லை. ஒரு கடையில் கணக்கு எழுதப் போயிருந்தாலும் குடும்பம் சாப்பிட்டிருக்கும். அவர் போகவில்லை.

1839-ல் நடந்தது

ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகம் சேர்ப்பதைக் கண்டிருந்தார். அந்த உரிமையைக் குட்இயர் வாங்கினார். 1839-ம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊபர்ன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டுவிட்டது.

அது உருகவில்லை! தோல் போலக் கருகியது. ஓரத்தில் மட்டும் கருகாமல், வளைந்து கொடுத்தது. அதை வீட்டுக்கு வெளியே, கடுங்குளிரில், ஆணி அடித்து மாட்டினார். மறுநாள் காலையிலும் வளைந்தது.

ரப்பருக்குள் நீளமான இழைகள் உண்டு. கந்தகம் சூட்டில் அந்த இழைகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடுகிறது. ஆகவே அவை வெயிலில் வழுக்கி ஓடுவது இல்லை. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இன்றைய டயர் தொழிற்சாலையிலும் இதே கந்தகம்தான், இதே சூடுதான்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? இதைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆயின. மனைவி ரொட்டி சுடும் அடுப்பில் ரப்பரை வேகவைத்தார். கெண்டியின் ஆவியில் காட்டினார். 1844-ம் ஆண்டு, ஜூன் 15-ந் தேதி காப்புரிமை பெற்றார்.

வழக்கும் விருதும்

இங்கிலாந்தில் அவருக்கு முன்பே தாமஸ் ஹான்காக் காப்புரிமைக்கு மனுச் செய்துவிட்டார். குட்இயரின் மாதிரித் துண்டுகள் அவர் கைக்குப் போயிருந்தன. அமெரிக்காவிலும் பலர் அனுமதி இன்றி ரப்பர் செய்தார்கள். 1852-ல் புகழ் பெற்ற வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர் குட்இயருக்காக வாதாடினார். வழக்கு ஜெயித்தது. பணம் தங்கவில்லை.

கிளாரிசா 1853-ல் இறந்தார். நல்ல காலத்தை அந்த அம்மாள் அதிகம் பார்க்கவில்லை.

1855-ல் பாரிஸ் கண்காட்சியில் குட்இயர் பெரும் செலவில் ரப்பர்ப் பொருள்களை அடுக்கி வைத்தார். கடன் ஏறியது. பாரிசிலும் 16 நாள் சிறை! பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அளித்த விருது, சிறையில் இருந்த அவரிடம் வந்து சேர்ந்தது.

1860-ம் ஆண்டு, மரணப் படுக்கையில் இருந்த மகளைப் பார்க்கப் புறப்பட்டார். நியூயார்க் வந்ததும், மகள் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. நிலைகுலைந்து விழுந்தார். ஜூலை 1-ந் தேதி உயிர் பிரிந்தது. குடும்பத்துக்கு மிஞ்சியது சுமார் 2 லட்சம் டாலர் கடன்.

1888-ல் டன்லப் காற்று அடைத்த டயரைச் செய்தார். 1898-ல் அக்ரன் நகரில் பிராங்க் சைபர்லிங் ஒரு டயர் கம்பெனி தொடங்கி, குட்இயர் என்று பெயர் வைத்தார். அந்தக் கம்பெனிக்கும் குட்இயர் குடும்பத்துக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை.