ஏற்றிவிட்ட கைகள்

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வருகிறவர்கள், வெள்ளைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள சேஷராயர் மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே கல்லால் ஆன குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாய்கின்றன. மேலே வீரன் அமர்ந்திருக்கிறான். எல்லோர் கண்ணும் அவன் மேல்தான் போகும். குதிரையின் காலடியில் ஆயுதம் ஏந்திய காலாட்களும் நிற்கிறார்கள். அவர்களைக் கவனிப்பவர் குறைவு.

டென்மார்க் நாட்டு வீராங்கனை லிஸ் ஹார்ட்டெலின் கதையைச் சொல்கிறவர்களும் இப்படித்தான் மேலே இருப்பவரை மட்டும் பார்க்கிறார்கள். கீழே நின்றவர்கள் இல்லாவிட்டால் அந்த அம்மையார் குதிரை மேல் ஏறியே இருக்க முடியாது.

காலை வாங்கிய நோய்

லிஸ் 1921-ம் ஆண்டு பிறந்தார். இளம் வயதிலேயே குதிரைச் சவாரியில் பெயர் எடுத்தார். 1944-ல் அவருக்கு வயது 23. வயிற்றில் குழந்தை. அந்த நேரத்தில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. பெயர்தான் இளம்பிள்ளை, அந்த நோய் பெரியவர்களையும் விடாது. தடுப்பு மருந்து வராத காலம் அது.

குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்தான் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். விடாமல் பயிற்சி செய்து, ஊன்றுகோல் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் கடைசி வரை அசைவு திரும்பவில்லை.

ஆனாலும் குதிரையை அவர் விடவில்லை. பிறர் தூக்கி ஏற்றுவார்கள். பிறரே இறக்கியும் விடுவார்கள். மற்றவர்கள் காலால் அழுத்திக் குதிரைக்குச் சொல்வதை, இவர் முதுகை அசைத்தும் உடல் எடையை மாற்றியும் சொன்னார். ஜூபிலி என்ற அவருடைய குதிரை அந்தப் புது மொழியைக் கற்றுக்கொண்டது.

ஒலிம்பிக் மேடை

குதிரையை அழகாக நடக்கவும் திரும்பவும் வைக்கும் போட்டி ஒன்று ஒலிம்பிக்கில் உண்டு. 1948 வரை ராணுவ அதிகாரிகள் மட்டுமே அதில் கலந்துகொள்ளலாம். 1952-ல் ஹெல்சிங்கி நகரில் முதல் முறையாகப் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. ஆண்களோடு போட்டியிட்டு லிஸ் வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர், அவர் மேடை ஏறக் கை கொடுத்தார். அந்தக் காட்சி உலகப் புகழ் பெற்றது. தினமும் லாயத்தில் லிஸைத் தூக்கி ஏற்றியவர்களை யார் அறிவார்? 1956-ல் மீண்டும் வெள்ளி வென்றார்.

மூவர் காவல்

அவருடைய வெற்றியைக் கண்டவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. கால் விளங்காதவர்களுக்குக் குதிரைச் சவாரியே ஒரு சிகிச்சையாகலாம் என்று, ஐரோப்பாவில் அதற்கென்று நிலையங்கள் தோன்றின. லிஸும் அதற்காகப் பாடுபட்டார். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, தானே நடப்பதுபோல் அசைகிறது. நடந்தே அறியாத குழந்தையின் உடல், நடையின் தாளத்தை அங்கே உணர்கிறது.

அந்த ஒரு குழந்தைக்காக மூன்று பேர் வரை கூட நடப்பார்கள். ஒருவர் குதிரையின் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். இருவர் பக்கத்துக்கு ஒருவராக வந்து, குழந்தையின் தொடை மேல் கை வைத்து அணைத்துக்கொள்வார்கள். கை கடுத்துப்போகும். இடம் மாறிக்கொள்ளலாம், ஆனால் குதிரையை நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகத்தான் மாற வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் கையை எடுக்கக் கூடாது.

அதற்கு முன்பே அவர்களுக்கு வேலை தொடங்கிவிடும். குதிரையின் உடம்பைத் தேய்த்து, குளம்பில் சிக்கிய கல்லைக் கிளறி எடுக்க வேண்டும். சேணத்தின் வார் இறுகியிருக்கிறதா என்று குழந்தை ஏறும் முன் ஒரு முறையும், ஏறிய பின் ஒரு முறையும் பார்க்க வேண்டும். சாய்வு மேடையில் சக்கர நாற்காலியை ஏற்றி, குழந்தையைத் தூக்கி, மெல்ல அமர்த்த வேண்டும். குதிரை மிரண்டால் மூவரின் குரலும் பதறக் கூடாது. கடைசியில் சாணம் அள்ளுவதும் அவர்கள்தான். பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

லிஸ் ஹார்ட்டெல் 2009-ல், 87-வது வயதில் காலமானார். அந்த நிலையங்களில் ஒரு குழந்தையை இறக்கியதும் அடுத்த நாற்காலி சாய்வு மேடையில் ஏறுகிறது. தொண்டர் குனிந்து வாரை மறுபடி சோதிக்கிறார்.