பிரிட்ஸ் பொல்லார்டு

அமெரிக்க நாட்டில் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி எதிர்க்கட்சியாரின் எல்லைக் கோட்டைக் கடத்தலே அதன் நோக்கம். ஏந்தி ஓடுகிறவனைப் பாய்ந்து வீழ்த்துதல் எதிர்க்கட்சியாரின் வேலை. பேருடல் படைத்தவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அவ்வாட்டத்தில், ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே உடைய ஒருவர் தம் கால்களின் விரைவால் புகழ் பெற்றார். அவரே பிரிட்ஸ் பொல்லார்டு.

இவர் 1894ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பிரடரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் இவருக்கு இட்டனர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றபொழுது, 1916ஆம் ஆண்டில், யேல், ஆர்வர்டு என்னும் புகழ்மிக்க பல்கலைக்கழகங்களின் அணிகளைத் தம் அணி வெல்லப் பெருந்துணையாக நின்றார்.

1919ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்து ஆக்ரன் நகரின் தொழில்முறை அணியில் சேர்ந்தார். ஆட்டத்தைக் காண வந்தோரின் இனவெறி அங்கும் அவரை விடவில்லை. ஏனைய வீரர்களோடு உடை மாற்றிக்கொள்ளவும் இயலாமல், அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் உடை மாற்றி, ஆட்டம் தொடங்கும் தறுவாயில் களம் புகுவார். கீழே வீழ்ந்த தம்மேல் வேண்டுமென்றே பாய்ந்து நசுக்க வருவோரைத் தடுக்க, மல்லாந்து புரண்டு, முளை பதித்த காலணிகளை மேலே உயர்த்திக் காட்டுவார். அதைக் கண்டு பாய வந்தவர் தயங்குவர். வலியாரிடையே எளியார் கண்ட தற்காப்பு அது!

1920ஆம் ஆண்டு தொழில்முறை அணிகளுக்கெனக் கூட்டமைப்பு ஒன்று தோன்றியது. அவ்வாண்டு ஒரு தோல்வியும் காணாமல் ஆக்ரன் அணி முதலிடம் பெற்றது. மறு ஆண்டு பொல்லார்டு ஆடிக்கொண்டே அணியின் பயிற்சியாளராகவும் விளங்கினார். தென் மாநிலங்களில் கறுப்பர் வெள்ளையரோடு ஒரே புகைவண்டிப் பெட்டியில் அமரவும் தடை இருந்த காலம் அது. அக்காலத்தில் வெள்ளை வீரர்களுக்கு ஒரு கறுப்பர் ஆட்டமுறை வகுத்துத் தந்தார் என்பது சிறு செய்தி அன்று. பின்னாளில் பாடகராகப் பெரும்புகழ் எய்திய பால் ராப்சனும் அவ்வாண்டு அவ்வணியில் ஆடினார்.

1926ஆம் ஆண்டோடு அக்கூட்டமைப்பில் அவர் ஆட்டம் முடிந்தது. 1934 முதல் 1945 வரை அதில் கறுப்பின வீரர் ஒருவரும் இடம்பெறவில்லை. எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. கதவு மட்டும் மூடியிருந்தது. பொல்லார்டு சோர்ந்துவிடவில்லை. நியூயார்க் நகரின் ஆர்லம் பகுதியில், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயியின் பட்டப்பெயரைத் தாங்கிய கறுப்பர் அணி ஒன்றுக்குப் பயிற்சியளித்து, அவர்தம் திறனை உலகறியச் செய்ய முயன்றார்.

1946ஆம் ஆண்டு வீரர்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் பதவியில் மற்றொரு கறுப்பர் அமர 1989ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பொல்லார்டு அதனைக் காணவில்லை. 1986ஆம் ஆண்டிலேயே மறைந்தார். ஆக்ரனுக்கு அணித்தான கான்டன் நகரில், அவ்வாட்டத்தின் சிறந்த வீரர்களைப் போற்றும் மண்டபத்தில், 2005ஆம் ஆண்டு அவர் பெயர் இடம்பெற்றது.