வழிகாட்டிகளை வளர்த்த வீரமாமுனிவர்



பிப்ரவரி 4ஆம் நாள் வரும்போதெல்லாம் தமிழகத் திருச்சபை ஓரியூரை நினைக்கிறது. 1693இல் அந்த நாளில்தான் புனித அருளானந்தர் அங்கே இரத்தம் சிந்தி மறைசாட்சியானார். அதே பிப்ரவரி 4ஆம் நாளில், 54 ஆண்டுகளுக்குப் பிறகு, 1747இல், அம்பலக்காட்டில் இயேசு சபைத் துறவி ஒருவர் தமது 66ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரைத் தமிழுலகம் முழுவதும் அறியும். பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயர் இருக்கிறது. 1968இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர்தான் வீரமாமுனிவர்.

அவரைக் கவிஞராக, அகராதி தந்தவராக, எகர ஒகரக் குழப்பத்தைத் தீர்த்தவராகப் பலரும் பாராட்டி எழுதிவிட்டார்கள். நாம் வேறொரு காரணத்துக்காக அவரை நினைக்கிறோம்.

2024 ஜூன் மாதத்தில் நமது கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் ஆண்கள், அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் வடக்கனந்தல் பக்கம் வாழும் நமக்கு அது எங்கோ நடந்த செய்தி அல்ல. அந்த வாரத்தில் எழுந்த ஒரு கேள்வி இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஒரு சிறுவனைப் பொறுப்புள்ள ஆண்மகனாக்கி விட நம் ஊர்களில் யார் இருக்கிறார்கள்? பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார், பந்தல் போடுகிறோம், பாட்டிமார் பக்கத்தில் அமர்ந்து சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்கள். பையனுக்கு மீசை அரும்பும்போது என்ன செய்கிறோம்? ஒன்றுமில்லை. நண்பர்கள்தான் அவனை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று முதல் குவளையை நீட்டுகிறார்கள். அதுவே அவனுக்குச் சடங்காகி விடுகிறது.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் பிரான்சிஸ்கன் துறவி ரிச்சர்ட் ரோர் 1990களில் ஆண்களுக்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கினார். வீட்டையும் வேலையையும் விட்டுச் சில நாள் தனித்திருந்து, அனுபவமுள்ள மூப்பர்கள் வழிகாட்ட, தங்கள் காயங்களையும் மரணத்தையும் இறைவன் முன்னிலையில் எதிர்கொள்ளும் பயிற்சி அது. நல்ல முயற்சிதான். ஆனால் நம் மண்ணில், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தத் தேவையை உணர்ந்து உழைத்த ஒருவர் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இளைஞர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுதான். அரச வாழ்வை உதறி இயேசு சபையில் சேர்ந்த அந்தப் புனிதரின் வரலாறு அவ்வூர்ப் பிள்ளைகளின் காதில் விழாமல் இருந்திருக்காது. பெஸ்கி 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு நவதுறவியும் புனித இஞ்ஞாசியாரின் ஞானப்பயிற்சிகளை 30 நாள் மௌனத்தில் செய்தாக வேண்டும். உடன் ஒரு மூத்த துறவி இருப்பார். அவர் அதிகம் பேசுவதில்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டாமல், எதிரே இருப்பவனை இறைவன் நடத்திச் செல்வதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதே அவர் கடமை.

1710இல் கோவா வந்து சேர்ந்த பெஸ்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. தத்துவமும் இறையியலும் கற்றுத் தேர்ந்தவர், நம் ஊர்த் திண்ணைப்பள்ளிப் பிள்ளையைப் போல மீண்டும் எழுத்துக்கூட்டத் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கொன்ஸ்தான்சோ என்ற பெயரையும் விட்டு, அதன் பொருளைத் தழுவித் தைரியநாதர் ஆனார். உடை, உணவு, பெயர், பேச்சு எல்லாம் போயின. பழைய மனிதன் இறந்து புதியவன் பிறப்பதுதான் கடந்துசெல்லும் சடங்கு என்றால், அவருக்கு அது கடல் நடுவில் தொடங்கி, தமிழ்நாட்டுப் புழுதியில் முடிந்தது.

முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. தென்பகுதியில் காமநாயக்கன்பட்டியை மையமாகக் கொண்டு பணியாற்றிய காலத்தில், குருக்கள்பட்டியில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். மரணதண்டனையின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அதன்பின் வாழ்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை அவர் எப்படிச் செலவிட்டார் என்பதைப் பார்க்கும்போது, அந்தச் சிறை அவருள் ஏதோ ஒன்றைத் தீர்மானித்து விட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. (அவர் பல்லக்கில் பவனி வந்தார், பட்டும் முத்தும் அணிந்தார் என்றெல்லாம் ஒரு கதை உண்டு. 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றால் அது பரவிற்று. முனிவர் இறந்து 75 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது அந்நூல். பல்லக்கைப் பற்றி வாதிடுபவர்கள் வாதிடட்டும்.)

நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்நாளில் குருக்கள் மிகச் சிலர். ஒரு குருவுக்கு இன்றைய இரண்டு மூன்று மாவட்டங்கள் அளவுக்குப் பரப்பு. குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றி வந்தாலும், ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு முறை வருவதே அரிது. மீதி நாட்களில் அந்த ஊரின் விசுவாசம் யார் கையில் இருந்தது? வேதியர்கள் கையில். இன்று உபதேசியார் என்று நாம் அழைப்பவர்களின் முன்னோர் அவர்கள். செபம் கற்றுக் கொடுத்தவர்கள், சாகும் நேரத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டவர்கள், அவசரத்தில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தவர்கள், சண்டை வந்தால் சமாதானம் செய்தவர்கள் அவர்களே. மனைவி மக்களோடு வாழ்ந்த சாதாரண ஆண்கள். அவர்கள் தடுமாறினால் ஊரே தடுமாறும்.

இதை வீரமாமுனிவர் நன்கு அறிந்திருந்தார். வேதியர்களை ஓரிடத்தில் கூட்டித் தியானம் கொடுக்கும் வழக்கம் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை மறைப்பணித்தளத்தில் வேரூன்றியது. தாம் பெற்ற ஞானப்பயிற்சியைத் துறவிகளுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல், அதன் சாரத்தை இந்தக் குடும்பத்தலைவர்களுக்கும் கொடுக்க இயேசு சபையினர் துணிந்தார்கள். 1727இல் வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை அவர்களுக்காகவே எழுதினார். வேதியரின் நிலை எத்தகையது, அதற்கு வேண்டிய நற்பண்புகள் எவை, அதைக் கெடுப்பவை எவை என்று சொல்லும் நூல் அது. ஊராரைத் திருத்தும் வழியைத் தேடி அதைத் திறப்பவர், முதலில் தம் உள்ளத்தையே பார்க்கும்படி நிறுத்தப்படுவார். தேம்பாவணியை எல்லோரும் பெயர் சொல்கிறார்கள், இந்த நூலைச் சொல்வார் குறைவு. அது நியாயமல்ல என்பது நம் எண்ணம்.

தேம்பாவணி அதற்கு முந்திய ஆண்டில், 1726இல், நிறைவுற்றது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். அத்தனை பெரிய காப்பியத்தின் தலைவர் யார்? நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத தச்சர் புனித சூசையப்பர். போரில் வென்ற மன்னரைப் பாடுவது காப்பிய மரபு. உளி பிடித்த கையை, பிறருக்குப் பிறந்த மகனென்று பேசப்படக்கூடிய குழந்தையை ஏற்றுக்கொண்ட தோளை, இரவோடிரவாக எகிப்துக்கு நடந்த காலை அவர் பாடினார். அவருக்கு வளன் என்று பெயரிட்டார். காப்பியத்தில் ஓர் இடம். இளம் வளன் உலகைத் துறந்து தவம் செய்யக் கானகம் நோக்கிப் புறப்படுகிறார். வழியில் வானவர் ஒருவர் முனிவர் உருவில் எதிர்ப்படுகிறார். துறவுக் கோலத்தில் இருப்பவர் தம்மைப் போலாகும்படி அழைப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவரோ, ஊரோடு வாழ்ந்து பிறருக்கு உதவும் வாழ்வின் மேன்மையை எடுத்துச் சொல்லி இளைஞரை ஊருக்கே திருப்பி அனுப்புகிறார். வளன் திரும்பி நடக்கிறார். அவருக்காகக் காத்திருந்த பணி நாசரேத்தில் இருந்தது. தானே துறவியாயிருந்த கவிஞர் இதை எழுதினார் என்பதை நாம் மறக்கக் கூடாது. தன்னைப் போலவே பிறரை வார்க்க விரும்பாத வழிகாட்டி அரிது.

தவறான வழிகாட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1822இல் இலண்டனில் அச்சேறிய பரமார்த்த குருவின் கதையை நம்மில் சிறு வயதில் கேளாதவர் யார்? ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடர், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பும் சீடர், எண்ணும்போது தன்னை எண்ண மறக்கும் சீடர். நாம் சீடர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். குருமடத்தில் இருந்தபோது நாமும் அப்படித்தான் சிரித்தோம். பங்குப் பொறுப்பில் ஆண்டுகள் பல சென்றபின் படித்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. சீடர்களின் அறியாமையைத் தீர்க்க ஒன்றும் செய்யாமல், அவர்களோடு சேர்ந்து தானும் ஏமாறி, அவர்கள் தூக்கிச் செல்ல உட்கார்ந்திருக்கும் அந்தக் குரு நமக்கு மிகவும் தெரிந்தவராக இருந்தார்.

விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் ஆலயம் அவரது நினைவைத் தாங்கி நிற்கிறது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் நிழலில் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி என்று நூல்கள் தொடர்ந்தன. பிறகு போர்களால் திருச்சிராப்பள்ளிச் சீமை அலைக்கழிந்தது. 1741இல் மராட்டியர் கோட்டையைப் பிடித்தனர். முனிவர் தெற்கே நகர்ந்து, இறுதியில் அம்பலக்காடு சென்றார்.

கோணான்குப்பம் நமக்குத் தொலைவில்லை. வரும் தவக்காலத்தில் நம் பங்கின் தந்தையர் சிலரும் அவர்களுடைய மகன்களும் அங்கே நடந்து போவதாக முடிவு செய்திருக்கிறோம். கைப்பேசி வேண்டாம் என்று பையன்களே சொல்லிவிட்டார்கள், தகப்பன்மார்தான் சற்றுத் தயங்குகிறார்கள். இரவுகளில் தங்கும் இடங்களில் வேதியர் ஒழுக்கத்திலிருந்து சில பக்கங்களை வாசிக்க, முப்பது ஆண்டுகளாக உபதேசியாராக இருக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டோம். பழைய தமிழ், கண் தெரியாது என்று மறுத்தார். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கண்ணாடியோடு வந்து, புத்தகத்தை இப்போதே கொடுங்கள், ஒருமுறை படித்துப் பழகிக்கொள்கிறேன் என்று வாங்கிச் சென்றார்.