கடிதம் சுமந்த வாணம்

நுழையும்முன்

கடிதப் பையை வாணத்தில் வைத்து ஆற்றைக் கடக்கச் செய்ய முனைந்த ஒருவரின் வாழ்க்கை இது. அவர் ஆய்வகத்தில் பணியாற்றிய அறிஞர் அல்லர். கல்கத்தாவில் பல் மருத்துவராக இருந்தவர். பத்தாண்டுகளில் அவர் பறக்கவிட்ட ஏவூர்திகள் ஏறத்தாழ 270. அவற்றுள் வெடித்துச் சிதறியவையும் உண்டு. கோழிகளை உயிரோடு கரைசேர்த்தவையும் உண்டு.

வானம் தெளிந்திருக்கும் நாள்களில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி புறப்படும் நேரத்தை அறிந்துகொண்டு, வடசென்னை வியாசர்பாடியின் மொட்டைமாடிகளில் மக்கள் வடக்கு நோக்கி நிற்பதுண்டு. எண்ணூரின் புகைபோக்கிகளுக்கு அப்பால், பழவேற்காட்டு ஏரியின் திசையில், ஓர் ஒளிப்புள்ளி எழும். அதன் பின்னே வெண்புகை கோடாய் நீளும். ஒருசில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். மாடியிலிருந்து இறங்கிவரும் மாணவருள் ஒருவருக்கேனும், தாமும் ஒன்றைச் செய்து பறக்கவிட்டால் என்ன என்று தோன்றாமல் இராது. அட்டைக்குழல், மெல்லிய மரத்துடுப்புகள், கூம்பு வடிவ முனை, சிறிய வான்குடை ஆகியவை அடங்கிய மாதிரி ஏவூர்திப் பெட்டிகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. 1934இல் நம் நாட்டில் அப்படி ஒரு பெட்டி இல்லை. வாணவேடிக்கைக்குச் செய்யப்படும் வாணம் மட்டுமே இருந்தது. அதைக்கொண்டு தம் வேலையைத் தொடங்கியவர் ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர் ஸ்மித்.

இளமையும் தொழிலும்

ஸ்டீபன் ஸ்மித் 1891ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், அன்றைய அசாமைச் சேர்ந்த ஷில்லாங்கில் பிறந்தார். வங்காளத்தின் அசன்சோலில் உள்ள பள்ளியில் பயின்றார். வாணங்களின்மீது அவருக்கு இருந்த ஆசை பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியது. சுங்கத் துறையிலும் காவல் துறையிலும் பணியாற்றிய பின் பல் மருத்துவரானார். தொழில் எதுவாயினும் அவர் மனம் ஒன்றில்தான் நின்றது: கடிதம் வானில் பறக்கவேண்டும்.

அந்த ஆசைக்குக் காரணமும் காலமும் இருந்தன. அவருக்கு இருபது வயது நிரம்பிய அதே வாரத்தில், 1911 பிப்ரவரி 18 அன்று, அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு வானோடி ஏறத்தாழ 6,500 கடிதங்களோடு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரமுறை வானூர்தி அஞ்சல் அதுவே. பின்னர் 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டிவந்த வானூர்தியின் அஞ்சல், பம்பாயில் வேறொரு வானோடியிடம் கைமாறிச் சென்னை வரை வந்தது. இந்திய வானஞ்சல் கழகத்தின் செயலராக இருந்த ஸ்மித் இவற்றையெல்லாம் உன்னிப்பாகப் பின்தொடர்ந்தார். ஆயினும் வானூர்திக்கு ஓடுதளம் வேண்டும், எரிபொருள் வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஓடுதளம் அமைக்க இடமில்லாத மலைப்பள்ளத்துக்கும், வெள்ளம் சூழ்ந்த ஊருக்கும், கரையை நெருங்க இயலாமல் கடலில் நிற்கும் கப்பலுக்கும் என்ன வழி? வாணம் ஒன்றே வழி என்று அவர் நம்பினார்.

போர்க்களத்திலிருந்து அஞ்சலுக்கு

ஏவூர்தி இந்தியாவுக்குப் புதிதன்று. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் நடந்த போரில் மைசூர்ப் படையின் வாணங்கள் ஆங்கிலேயப் படையைக் கலங்கடித்தன. மூங்கில் கழியில் கட்டப்பட்ட இரும்புக்குழல் வாணங்கள் அவை. கைப்பற்றப்பட்ட மைசூர் வாணங்கள் இங்கிலாந்தின் உல்விச் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன; அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தம் போர் ஏவூர்திகளை உருவாக்கினார். எரிப்பதற்கும் கொல்வதற்கும் பயன்பட்ட அந்தக் குழலில் ஒருவர் கடிதத்தை வைக்க எண்ணியது சிறிய மாற்றம் அன்று.

அவ்வெண்ணம் ஸ்மித்துக்கு மட்டும் உரியதும் அன்று. ஆஸ்திரியாவில் பிரீட்ரிக் ஷ்மீடல் 1931 பிப்ரவரியில் மலையுச்சியிலிருந்து அடிவாரத்து ஊருக்கு 102 கடிதங்களை ஏவூர்தியில் அனுப்பி வெற்றிகண்டார். ஜெர்மானியரான கெர்ஹார்ட் சூக்கர் 1934 ஜூலையில் ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கிடையே அனுப்பிய ஏவூர்தியோ வெடித்துக் கடிதங்களைக் கருக்கியது. இவ்விரு செய்திகளுள் ஒன்று இயலும் என்றது. மற்றொன்று எளிதன்று என்றது. இரண்டையும் அவர் நம்பினார் என்றே கருதத் தோன்றுகிறது.

சாகர்த் தீவு

கல்கத்தாவின் ஓரியண்டல் வாணவேடிக்கை நிறுவனம் ஸ்மித்துக்கு ஏவூர்திகளைச் செய்து தந்தது. 1934 செப்டம்பர் 30 அன்று, கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள சாகர்த் தீவை நோக்கி, கப்பலிலிருந்து அவர் தம் முதல் அஞ்சல் ஏவூர்தியைச் செலுத்தினார்.

கப்பலிலிருந்து கரைக்குக் கடிதம் சேர்ப்பது எத்துணை அரிய செயல் என்பதை வடசென்னைக் கரை நன்கு அறியும். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் பொருள்களும் கடிதப் பைகளும் மசூலாப் படகுகளில் ஏற்றப்பட்டு, அலைமுறியும் பகுதியைக் கடந்து கரையேறின. கயிற்றால் தைக்கப்பட்ட பலகைப் படகுகள் அவை. ஓட்டியவர்கள் இக்கரையின் மீனவர்கள். கடல் சீறும் நாளில் கப்பல் கண்ணெதிரே நிற்கும். கடிதமோ கைக்கு வராது. ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்திலும் மணல்திட்டுகளும் நீரோட்டமும் அத்தகைய இடரையே தந்தன.

அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களோடு எழுந்த ஏவூர்தி வானிலேயே வெடித்தது. கடிதங்கள் சிதறி விழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தேடி எடுக்கப்பட்டன. முதல் முயற்சியிலேயே வாணம் வெடித்ததைக் கண்ட எவரும் அத்தோடு நிறுத்தியிருப்பர். ஸ்மித் அடுத்த ஏவூர்திக்கு ஏற்பாடு செய்தார்.

தெரிந்து தெளிவோம்

வாணம் ஏன் வெடிக்கிறது? வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் ஆகியவை கலந்த மருந்து குழலுக்குள் இறுக்கி நிரப்பப்படுகிறது. அது எரியும்போது உண்டாகும் வளிமம் பின்புறத் துளைவழியே விரைந்து வெளியேற, அதன் எதிர்விசை குழலை முன்னே தள்ளுகிறது. மருந்துப் பொதியில் விரிசலோ இடைவெளியோ இருந்தால் எரியும் பரப்பு திடீரெனப் பெருகும். துளைவழியே வெளியேற இயலாத அழுத்தம் குழலையே பிளந்துவிடும். நேராகப் பறப்பதற்கோ வேறொரு கணக்கு உண்டு. ஏவூர்தியின் நிறைமையம், காற்றழுத்தம் செயற்படும் மையத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். வால்துடுப்புகளும் வாணக்குச்சியும் அழுத்தமையத்தைப் பின்னுக்கு இழுக்கவே உள்ளன. இன்று மாதிரி ஏவூர்தி செய்வோர், அதன் நிறைமையத்தில் நூல்கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்ப்பர். முனை முன்னோக்கியே நின்றால் அது நேராகப் பறக்கும்.

மலையும் ஆறும்

கடிதம் சுமக்கும் ஏவூர்திக்கு மேலும் ஒரு சிக்கல் இருந்தது. சுமை கூடக்கூட உயரமும் தொலைவும் குறையும். சுமையைக் குறைத்தால் அனுப்புவதில் பொருளில்லை. இந்த இழுபறியைத் தீர்க்கவே ஸ்மித் ஒவ்வொரு முறையும் அளவை மாற்றி மாற்றிப் பறக்கவிட்டார்.

1935 ஏப்ரலில் அவர் சிக்கிமுக்குச் சென்றார். அந்நாட்டு மன்னர் தாஷி நாம்கியால் அவருடைய சோதனைகளுக்கு ஆதரவளித்தார். மலைச்சரிவுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்த நிலம் அது. மழைக்காலத்தில் மண்சரிந்தால் எதிர்மலையில் தெரியும் வீட்டை அடையவும் நெடுந்தொலைவு சுற்றவேண்டியிருக்கும். அங்கே கடிதங்கள் மட்டுமின்றித் தேயிலை, சர்க்கரை, கரண்டி போன்றவற்றைக் கொண்ட சிறுபொதியும் ஏவூர்தியில் பறந்தது. ஏவூர்தியில் சென்ற முதல் பொதியஞ்சல் என அது குறிக்கப்படுகிறது.

அடுத்த மாதம், மே 31 அன்று, குவெட்டா நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். ஆறே நாள்களில், ஜூன் 6 அன்று, வங்காளத்தின் ரூப்நாராயண் ஆற்றங்கரையில் ஸ்மித் ஓர் ஏவூர்தியை நிறுத்தினார். அதனுள் அரிசியும் தானியமும் மசாலாப் பொருளும் இருந்தன. ஏவூர்தி ஆற்றைக் கடந்து மறுகரையில் விழுந்தது. இதனால் குவெட்டாவில் ஒருவர் பசியும் தணியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரூப்நாராயண் எங்கே, குவெட்டா எங்கே! எனினும் பாலம் இடிந்து, சாலை பிளந்து, மக்கள் அக்கரையில் தவிக்கும்போது இக்கரையிலிருந்து ஒருபிடி அரிசியை எறிய இயலும் என்பதை அவர் அன்று காட்டினார். வெள்ளம் சூழ்ந்த கூரைகளின்மீது வானிலிருந்து உணவுப்பொட்டலம் விழுவதைப் பார்த்திருக்கும் நமக்கு அவர் காட்ட விரும்பியது எளிதில் விளங்கும்.

அதே மாதம் 29ஆம் நாள் நடந்த சோதனையே பெரிதும் பேசப்பட்டது. தாமோதர் ஆற்றின்மேல் பறந்த ஏவூர்தியில் 189 கடிதங்களோடு ஒரு சேவலும் ஒரு கோழியும் இருந்தன. அவற்றுக்கு ஆதாம், ஏவாள் எனப் பெயரிட்டிருந்தார். மறுகரையில் திறந்து பார்த்தபோது இரண்டும் உயிரோடு இருந்தன. கல்கத்தாவின் தனியார் விலங்குக் காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்ட அவை, மறு ஆண்டு இயற்கையாகவே இறந்தன. பிறிதொரு சமயம் ஆப்பிள் பழத்தோடு ஒரு பாம்பையும் ஸ்மித் அனுப்பினார். ஏவூர்திக்குள் வைக்க எவ்வுயிரையும் கேட்டுப் பெறவில்லையே என்னும் உறுத்தல் இன்று நமக்கு எழுகிறது. மாதிரி ஏவூர்தியில் உயிரினங்களை வைத்து அனுப்புவதை இக்கால ஆர்வலர் கழகங்கள் தடைசெய்தும் உள்ளன. ஸ்மித்தோ, வாணத்தின் அதிர்வை உயிர் தாங்குமா என்னும் வினாவுக்கே விடை தேடினார்.

செலவும் வரவும்

அவருக்குப் பின்னால் அரசின் ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. மருத்துவத் தொழில் ஒருபுறம் நடக்க, ஏவூர்தியில் பறந்த கடித உறைகளே சோதனைகளுக்குத் துணைசெய்தன. தனி முத்திரையும் வண்ணச் சீட்டும் ஒட்டப்பட்ட அவ்வுறைகளை அஞ்சல்தலை சேகரிப்போர் விரும்பி வாங்கினர். அஞ்சலுக்காக ஏவூர்தியா, உறைக்காக ஏவூர்தியா என்று ஐயுறுவோர் அன்றும் இருந்திருக்கக்கூடும். சேகரிப்பாளர்க்கு உறைகள் மட்டும் போதுமெனில், அரிசி மூட்டையோடு ஆற்றங்கரையில் நிற்க வேண்டிய தேவை இல்லை என்பதே அதற்கு விடை. 1937இல் தில்லியில் நடந்த அனைத்திந்தியச் சாரணர் பெருந்திரளுக்காகவும் அவர் ஏவூர்தி அஞ்சல் அனுப்பினார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபின் வெடிமருந்து கிடைப்பது அரிதாயிற்று. மருந்தில்லை என்று ஓயாமல், அழுத்தப்பட்ட வளிமத்தால் இயங்கும் ஏவூர்தியை முயன்று பார்த்தார். அவருடைய ஏவுதல்கள் 1944 டிசம்பரோடு முடிவுற்றன. பத்தாண்டுகளில் அவர் செலுத்திய ஏறத்தாழ 270 ஏவூர்திகளுள் 80 அளவிலானவை அஞ்சல் சுமந்தவை. அதே 1944 செப்டம்பரில்தான் ஜெர்மனியின் வி-2 ஏவூர்திகள் லண்டன் நகர வீடுகளின்மீது விழத் தொடங்கின. ஸ்மித் தம் வாழ்நாள் முழுதும் எதிலிருந்து விலக்க முயன்றாரோ, அதே பணிக்கு ஏவூர்தி முன்னிலும் பெரிதாகத் திரும்பியிருந்தது.

1951 பிப்ரவரி 15 அன்று, அறுபதாம் பிறந்தநாளுக்கு மறுநாள், ஸ்மித் கல்கத்தாவில் காலமானார். எட்டாண்டுகள் கழித்து, 1959 ஜூனில், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலொன்று ஏவுகணையில் 3,000 கடிதங்களை வைத்துப் புளோரிடாவுக்கு அனுப்பியது. அவ்வளவு பெரிய நாடும் அதை ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டது. வானூர்தியே மலிவாகவும் நம்பத்தக்கதாகவும் வளர்ந்துவிட்டது. 1963 நவம்பர் 21 அன்று, கேரளத்தின் தும்பா என்னும் மீனவ ஊரிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது. அதனுள் கடிதம் இல்லை.

ஸ்மித்தின் நூற்றாண்டையொட்டி 1992இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அதை ஒட்டிய கடிதங்கள் தொடர்வண்டியிலும் வானூர்தியிலும் ஏறி, கடைசித் தெருவரை அஞ்சல்காரரின் மிதிவண்டியில் சென்றன.