ஸ்ரீ குமரப்பாவும் பயறு வயலின் கணக்கும்

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் துவரை பூக்கும் காலம் வந்தால், காய்ப்புழுவின் அச்சமும் உடன் வருகிறது. உழவர் பலர் கடைக்காரர் சொல்லும் பூச்சி மருந்தை வாங்கித் தெளிக்க விரைகின்றனர். இத்தருணத்தில், அண்மையிலுள்ள டி. கல்லுப்பட்டியில் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஒரு தேசபக்தரின் ஜீவியத்தை நினைவூட்டுவது நம் கடமையாகும்.

ஸ்ரீ ஜே. சி. குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில், அந்நிய ஆட்சியின் வரவு செலவுக்கும் பாரத மக்களின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராயப் புகுந்தார். அவ்வாராய்ச்சி அவர் வாழ்வையே மாற்றிற்று. 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். மேனாட்டு உடையைக் களைந்து கதர் பூண்டார். பன்முறை சிறை புகுந்தார். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாகி, செக்கு எண்ணெய்க்கும் கைக்குத்தல் அரிசிக்கும் தேனீ வளர்ப்புக்கும் புத்துயிர் ஊட்டினார்.

சிறையில் அவர் எழுதிய நிரந்தரப் பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. பிற உயிரை உறிஞ்சிப் பிழைப்பது கடைநிலை. கூட்டுக்கெல்லாம் தேன் சேர்க்கும் தேனீயின் நிலை உயர்ந்தது. கைம்மாறு கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவையின் நிலை அதனினும் உயர்ந்தது என்று வகுத்தார். மண்ணின் உயிர்களைக் கெடுக்குமென்று இரசாயன உரத்தையும் எதிர்த்தார்.

அக்கணக்கரின் கண்கொண்டு பயறு வயலை நோக்குவோம். புழு காயைத் துளைத்து விதையைத் தின்பது மெய். உழவனின் நஷ்டமும் மெய். ஆயின், பூத்த வயலில் நஞ்சைத் தெளித்தால் தேனீ மடிகிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டு மடிகிறது. முகமூடியின்றித் தெளிக்கும் கூலியாளின் உடல் கெடுகிறது. பிழைத்த புழுவின் சந்ததியோ மருந்துக்கு அஞ்சாததாகிறது. இவையெல்லாம் செலவுப் பத்தியில் ஏற வேண்டாவா? ஒரு காலத்தில் வரப்பிரசாதமெனப் போற்றிய டி.டி.டி., 1989-இல் வேளாண்மைக்குத் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. விட்டுப்போன செலவை நாடு காலந்தாழ்த்தி எழுதிய கதையே இது.

ஆகவே முதலில் செடியைப் பார்த்துப் புழுவை எண்ணுக. பறவைகள் அமரக் குச்சி நடுக. இனக்கவர்ச்சிப் பொறி வைக்க. நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க. இவற்றுக்கும் அடங்காது சேதம் வரம்பு கடந்தாலன்றி நஞ்சைத் தொடற்க. தொட்டால், விதித்த அளவைக் கடவற்க. மருந்தை அளவறிந்து கையாளாவிடில் என்ன நேரும் என்பதைச் சிவகாசித் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஸ்ரீ குமரப்பா, காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதியன்று, 1960-இல் மறைந்தார். கிராமந்தோறும் செல்லும் நம் ஊழியர்கள் அவர் படத்துக்கு மாலை சூட்டுவதோடு நில்லாது, அவர் கணக்கை உழவரிடம் கொண்டு செல்வாராக.